மூளை லிம்போமா மூளைக்கு வெளியே திரும்பும்போது

மூளையில் லிம்போமா என்று கண்டுபிடித்து, கோயம்புத்தூரிலோ வேலூரிலோ மாதக்கணக்கில் மருந்து ஏற்றி, கடைசி ஸ்கேனில் கட்டி இல்லை என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ வீடு திரும்பும் ஒருவருக்கு, அதன் பிறகு கவனமெல்லாம் தலைமேல்தான் இருக்கும். கொஞ்சம் தலை வலித்தால் பயம். தெரிந்தவர் பெயர் ஒன்று மறந்துபோனால் பயம். மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து விதைப்பையில் வலியில்லாத ஒரு வீக்கம் தென்பட்டால், அதைப் பழைய நோயோடு சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றாது. தலைக்கும் விரைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்பார்கள்.

சம்பந்தம் இருக்கிறது. அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நடக்கும்போது முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஊர் கிளினிக் மருத்துவர்தான். புற்றுநோய் மருத்துவரிடம் அது போய்ச் சேருவது பிறகுதான். அந்த முதல் சந்திப்பில் பழைய நோயின் பெயர் சொல்லப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பல வாரங்கள் மிச்சமாகலாம், வீணாகவும் போகலாம். இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

மூளையில் வரும் கட்டிகள் பெரும்பாலும் அங்கேயே உள்ள செல்களிலிருந்தோ, மூளையைச் சுற்றிய உறைகளிலிருந்தோ, வேறு உறுப்புப் புற்றிலிருந்து பரவியோ வருபவை. லிம்போமா இவற்றில் சேராது. அது நோயெதிர்ப்புக்காக உடலெங்கும் சுற்றும் வெள்ளணுக்களில், பெரும்பாலும் அவற்றில் ஒரு வகையான பி-செல்லில், பிறக்கும் புற்று. நெறிகள் எனப்படும் நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் வழக்கமாகக் குடியிருக்கும் செல் அது. மூளை, தண்டுவடம், அவற்றின் உறை, கண்ணின் உட்பகுதி இவற்றில் மட்டும் அந்தப் புற்று தென்பட்டு, உடலின் வேறெங்கும் தென்படாவிட்டால் அதை முதன்மை மூளை லிம்போமா என்கிறார்கள். மூளைக் கட்டிகளில் 100-க்கு மூன்று நான்கு இந்த வகை. இதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ‘பரவிய பெரிய பி-செல் லிம்போமா’ என்னும் வேகமான இனம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கே அதிகம் வருகிறது. எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கும் வயது குறைவாக இருக்கும்போதும் வரலாம். அவர்களில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் பங்கு பெரிது. அது தனிக் கதை.

மூளையில் மட்டும் இருக்கிறது என்ற முடிவு, மற்ற இடங்களில் தேடி எதுவும் கிடைக்காததால் எடுக்கப்படும் முடிவு என்பதைக் கவனிக்க வேண்டும். 2005-இல் இந்த நோய்க்கான பன்னாட்டுக் கூட்டுக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல், தேட வேண்டிய இடங்களைத் தெளிவாகச் சொன்னது: மூளைக்கு எம்.ஆர்.ஐ., கண்ணுக்கு ஸ்லிட் லேம்ப் பரிசோதனை, முதுகுத்தண்டு நீர், எச்.ஐ.வி. சோதனை, மார்பு முதல் இடுப்பு வரை சி.டி. ஸ்கேன், எலும்பு மஜ்ஜை, வயதான ஆண்களுக்கு விரையின் அல்ட்ராசவுண்ட். இப்போது பல இடங்களில் சி.டி.க்குப் பதிலாக, உடல் முழுக்கப் புற்றைத் தேடும் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். இப்படித் தேடும்போதே ஒரு சிறு பங்கினருக்கு உடலின் வேறிடத்திலும் நோய் இருப்பது தெரிந்துவிடுகிறது. ஸ்கேனில் தெரிவதற்குக் கட்டி ஓரளவு பருமனாக வேண்டும். சில ஆயிரம் செல்கள் எங்கோ தங்கியிருந்தால் எந்த ஸ்கேனும் காட்டாது. மூளையில் மட்டுமே நோய் என்று கருதப்பட்ட சிலரின் ரத்தத்தையும் மஜ்ஜையையும் மரபணு அளவில் சோதித்தபோது, கட்டியில் இருந்த அதே செல் வழியின் சுவடு மிக நுண்ணிய அளவில் அங்கேயும் கிடைத்திருக்கிறது. மூளைக்கு வெளியே நோய் திரும்புவதைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான உண்மை வேறில்லை என்று நினைக்கிறேன்.

இந்த நோய்க்கு மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும் குணமும் உண்டு, திரும்பி வரும் குணமும் உண்டு. முதல் சிகிச்சைக்கே அடங்காதவர்கள் ஒரு பங்கு. அடங்கியவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. திரும்பினால் பெரும்பாலும் மூளையிலேயேதான். சில வேளை பழைய இடத்தில், பல வேளை மூளையின் வேறொரு மூலையில். மூளையும் கண்ணும் முதுகுத்தண்டு நீரும் சுத்தமாக இருக்க, உடலில் மட்டும் நோய் எழுவது திரும்பும் நோய்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மறுவருகைகள் முதல் இரண்டு ஆண்டுகளில் அதிகம். ஆனால் ஐந்து ஆண்டு கழித்தும், பத்து ஆண்டு கழித்தும் திரும்பிய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஐந்தாண்டு தாண்டினால் முழுக்கத் தப்பித்தாயிற்று என்று மற்றப் புற்றுகள் சிலவற்றுக்குச் சொல்லும் கணக்கு இங்கே பொருந்தாது.

உடலில் எழும்போது அது எங்கே எழுகிறது என்பதில்தான் சுவாரசியமான உயிரியல் இருக்கிறது. விரை, மார்பகம், தோலும் தோலுக்கடியில் உள்ள கொழுப்புப் படலமும், சிறுநீரகம், அட்ரினல் சுரப்பி, நுரையீரல், நெறிகள் என்று இடங்கள் பதிவாகியுள்ளன. இவற்றில் விரை தற்செயலாக வந்ததல்ல. மூளை, கண், விரை மூன்றும் நோயெதிர்ப்பு மண்டலம் தன் வேகத்தை அடக்கிக்கொள்ளும் இடங்கள். வீக்கமும் அழற்சியும் வந்தால் அந்த உறுப்புகளின் வேலையே கெட்டுவிடும் என்பதால், ரத்தத்துக்கும் அவற்றின் திசுவுக்கும் நடுவே ஒரு தடுப்பு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. புற்று செல்லுக்கு இது வசதியாகிறது. தன்னை அடையாளம் காட்டும் புரதங்களைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து இழந்துவிட்ட லிம்போமா செல், இப்படிப்பட்ட இடத்தில் வெகுகாலம் தொல்லையின்றி வாழ முடிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் திருத்திய வகைப்பாட்டில் மூளை, கண், விரை ஆகிய மூன்றிலும் தோன்றும் இந்தப் பெரிய பி-செல் லிம்போமாக்களை ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டது. அதுவரை மூன்று துறை மருத்துவர்கள் மூன்று நோய்களாகப் பார்த்தவை அவை.

சேர்த்ததற்குக் காரணம் மரபணு. எம்.ஒய்.டி.88 என்னும் மரபணுவில் குறிப்பிட்ட ஒரே புள்ளியில் நிகழும் மாற்றமும், சி.டி.79பி என்னும் மரபணுவில் நிகழும் மாற்றமும் மூளை லிம்போமாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படுகின்றன. இரண்டுமே பி-செல்லுக்குச் ‘சாகாதே, பெருகு’ என்று ஓயாமல் கட்டளை அனுப்பும் பாதையைத் திறந்து வைப்பவை. இதே மாற்றங்கள் விரை லிம்போமாவிலும், மார்பகத்தில் தோன்றும் லிம்போமாவிலும், வயதானவர்களின் காலில் தோல் கட்டியாக வரும் ஒரு வகை லிம்போமாவிலும் அடிக்கடி கிடைக்கின்றன. மூளை நோய் வெளியே திரும்பும்போது தேர்ந்தெடுக்கும் இடங்களின் பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஏறத்தாழ ஒன்றுதான். எதிர்த் திசையிலும் இது உண்மை. விரையில் தொடங்கிய லிம்போமா பிறகு மூளையில் வருவது மருத்துவர்கள் நெடுங்காலமாக அஞ்சும் ஒன்று.

அப்படியானால் மூளையிலிருந்த கட்டிதான் உதிர்ந்து கீழே இறங்கியதா? அப்படி நடக்க முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் மூளைக் கட்டியையும் பிறகு வந்த உடற்கட்டியையும் மரபணு அளவில் ஒப்பிட்ட பல நேர்வுகளில் கிடைத்த படம் வேறு. தொடக்கக் கால மாற்றங்கள் இரண்டிலும் பொதுவாக இருக்கின்றன. பிற்கால மாற்றங்கள் ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் ஒரே தூரிலிருந்து இரண்டு சிம்புகள் தனித்தனித் திசையில் கிளம்புவதைப் போன்றது இது. ஒரு சிம்பை அடியோடு அறுத்தாலும் தூர் மண்ணில் இருக்கிறது. அந்தத் தூர், ரத்தத்திலோ மஜ்ஜையிலோ அமைதியாக இருக்கும், பாதி மாறிய ஒரு பி-செல் கூட்டம். அபூர்வமாக இரண்டு கட்டிகளுக்கும் எந்த உறவும் இல்லாமல், முற்றிலும் புதிய லிம்போமாவாகவும் இருப்பதுண்டு.

நோயாளியின் மகனோ மகளோ நியாயமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அவ்வளவு கடுமையான மருந்தை ரத்தத்தில்தானே ஏற்றினீர்கள், உடலில் இருந்தது ஏன் சாகவில்லை? மூளை லிம்போமா சிகிச்சையின் முதுகெலும்பு மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு இதே மருந்தை வாரம் ஒருமுறை 25 மில்லிகிராமுக்குள் தருகிறார்கள். மூளை லிம்போமாவுக்கு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 3.5 கிராம் அல்லது அதற்கும் மேல் சில மணி நேரத்தில் ஏற்றுகிறார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டிப் போதுமான மருந்து உள்ளே போக வேண்டும் என்பதற்காகவே இந்த அளவு. பிறகு மற்றத் திசுக்களைக் காப்பாற்ற ஃபோலினிக் அமிலம் கொடுத்து, நிறையத் திரவம் ஏற்றி, சிறுநீரைக் காரமாக்கி, ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கும்வரை அளந்துகொண்டே இருக்கிறார்கள். ஆக முழு உத்தியும் மூளையை அடைவதற்காக வகுக்கப்பட்டது. இதனுடன் சைட்டரபைன் சேர்த்தால் கட்டி முழுதும் மறைவோர் 100-க்கு 18-லிருந்து 46 ஆக உயர்ந்ததை 2009-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. அதுவும் மூளையைக் குறி வைத்த சேர்க்கைதான். உடலில் வரும் பி-செல் லிம்போமாவைக் குணப்படுத்தும் மருந்துகள் வேறு: சைக்ளோஃபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசோலோன், இவற்றோடு ரிட்டுக்ஸிமாப். இந்தச் சேர்க்கை மூளைக்குள் சரியாகப் போகாது என்பதால் மூளை நோயாளிகளுக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. விரைக்கும் தன் தடுப்பு உண்டு. தங்கிப்போன செல்கள் ஏன் பிழைத்தன என்பதற்கு இவை போதுமான காரணங்கள்.

இனி எங்கள் நீலகிரி மலைக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு மழைக்காலத்தில் அட்டைக் கடி சாதாரணம். சொறிந்து புண்ணாகித் தொடை இடுக்கில் நெறி கட்டும். ஒரு வாரம் மருந்து எடுத்தால் அடங்கும். எனவே நெறி கட்டினால் யாரும் பதறுவதில்லை, பதறவும் தேவையில்லை. ஆனால் ஒருமுறை லிம்போமா வந்தவருக்கு அந்தக் கணக்கு மாறுகிறது. காலில் புண் இல்லாமல் நெறி தடித்தாலும், புண் ஆறிய பிறகு இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாமல் வளர்ந்தாலும், வலிக்காமல் ரப்பர் போலக் கெட்டியாக இருந்தாலும் அதைச் சோதித்தே ஆக வேண்டும். தோலில் எழும் கருஞ்சிவப்புத் தடிப்புக்கும், மார்பில் தட்டுப்படும் கட்டிக்கும், ஒரு விரை மட்டும் பெருத்துக் கனப்பதற்கும் இதே விதி. விதைப்பை வீக்கத்தைப் பல ஆண்கள் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. சொன்னாலும் ‘ஓதம்’ என்று தாங்களே பெயர் வைத்துவிடுகிறார்கள். ஒரு சாதாரண அல்ட்ராசவுண்ட், நீர் கோத்த வீக்கத்தையும் விரைக்குள்ளேயே வளரும் கட்டியையும் சில நிமிடங்களில் பிரித்துக் காட்டிவிடும்.

ஸ்டீராய்டு ஊசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சிரைப்பு, தோல் அரிப்பு, மூட்டு வலி என்று எதற்குப் போனாலும் கிளினிக்குகளில் ஸ்டீராய்டு கைக்கு எட்டிய மருந்தாக இருக்கிறது. லிம்போமா செல்கள் ஸ்டீராய்டுக்குச் சாகும். அதனால் ஊசி போட்டதும் கட்டி சுருங்கும். நோயாளிக்கு மகிழ்ச்சி, மருத்துவருக்கும் திருப்தி. சில வாரங்களில் அது மறுபடி எழும். இடையில் திசு எடுத்துச் சோதித்தால் செத்த செல்கள்தான் கிடைக்கும், விடை கிடைக்காது. மூளையில் லிம்போமா என்ற சந்தேகம் இருந்தால் திசு எடுக்கும்வரை, உயிருக்கு ஆபத்தான வீக்கம் இல்லாதபட்சத்தில், ஸ்டீராய்டு தராதீர்கள் என்பது பழைய பாடம். உடலில் எழும் கட்டிக்கும் அது பொருந்தும். உயிர் காக்க வேண்டிய கட்டாயத்தில் கொடுத்தால் அதில் தவறில்லை. கொடுத்த தேதியும் அளவும் சீட்டில் இருக்க வேண்டும்.

கண்ணைத் தனியாகச் சொல்கிறேன். விழித்திரை மூளையின் நீட்சி என்பதால் கண்ணில் திரும்புவதை வெளியே திரும்புவதாக மருத்துவர்கள் எண்ணுவதில்லை. நோயாளியின் அனுபவத்தில் அது தலைக்கு வெளியேதான். கண்முன் பூச்சி பறப்பது, புகை படர்ந்தாற்போல் பார்வை மங்குவது இரண்டும்தான் அறிகுறி; சிவப்போ வலியோ பெரும்பாலும் இராது. நோய் கண்டறியப்படும்போதே ஐந்து பேரில் ஒருவர் அளவுக்குக் கண்ணிலும் நோய் இருக்கிறது. வயதானவருக்குப் பார்வை மங்கினால் புரை என்று முடிவு கட்டி முகாமுக்கு அனுப்பிவிடுவது எளிது. அந்த முகாம் மருத்துவரிடம் மூளை லிம்போமா இருந்தது என்ற ஒரு வரியைச் சொன்னால், அவர் கண்ணின் உட்பகுதியைப் பார்க்கும் விதமே மாறிவிடும்.

அந்த ஒரு வரியை யார் சொல்வது என்பதுதான் சிக்கல். மூளை லிம்போமாவும், அதற்காகச் சிலருக்குத் தரப்பட்ட முழு மூளைக் கதிர்வீச்சும் நினைவாற்றலையும் பேச்சின் வேகத்தையும் பாதிக்கின்றன. தன் நோய் வரலாற்றைத் தானே சொல்ல முடியாதவர் பலர். கூட வரும் மருமகளோ பேரனோ ‘தலையில் கட்டி இருந்தது, சரியாகிவிட்டது’ என்று மட்டும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும் மருத்துவர் வேறேதோ மூளைக் கட்டியை நினைத்துக்கொள்வார்; உடலில் எழும் வீக்கத்தோடு அதை இணைக்க அவருக்குக் காரணம் இல்லை. பந்தலூர், கூடலூர்ப் பக்கத்தவர்கள் கேரளத்து மருத்துவமனைகளுக்குப் போவது வழக்கம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் கோயம்புத்தூருக்கு இறங்குகிறார்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கி, 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. ஒரே நோயாளியின் காகிதங்கள் இப்படி இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கின்றன.

தொடர் கண்காணிப்பு அட்டவணை இந்தக் குறையைப் போக்குவதில்லை. அதே பன்னாட்டுக் குழு பரிந்துரைப்பது: முதல் 2 ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த 3 ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு 5 ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை, உடற்பரிசோதனையும் நினைவாற்றல் சோதனையும் மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும். நடைமுறையில் எம்.ஆர்.ஐ. மட்டும் நிலைக்கிறது, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, மார்பு, விரை ஆகியவற்றைத் தொட்டுப் பார்ப்பது நழுவிவிடுகிறது. ஐந்து நிமிட வேலை, காசில்லாத வேலை. அதற்காக எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு அபூர்வமான ஒன்றைத் தேடி அறிகுறியே இல்லாதவரைக் கதிர்வீச்சுக்கும் செலவுக்கும் ஆளாக்குவது நியாயமாகாது. அறிகுறி தென்பட்டால் தயங்காமல் எடுக்க வேண்டும்.

சந்தேகப்பட்டால் அடுத்த படி திசுப் பரிசோதனை. ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில துளிகள் லிம்போமாவுக்குப் போதாது. முழு நெறியையோ கனமான திசுத் துண்டையோ எடுக்க வேண்டும். விரையாக இருந்தால் விதைப்பையைக் கீறாமல், தொடை இடுக்கு வழியாக அந்த விரையையே அகற்றிச் சோதிக்கிறார்கள். லிம்போமா என்று உறுதியானால், உடல் முழுக்கத் தேடுவதோடு மூளைக்கும் கண்ணுக்கும் முதுகுத்தண்டு நீருக்கும் மறுபடி முதலிலிருந்து பரிசோதனை உண்டு. வெளியே தெரிந்த நோய், உள்ளேயும் எழுந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது.

மூளை சுத்தமாக இருந்தால், செய்தி பயந்த அளவுக்கு மோசமானதல்ல. உடலில் உள்ள கட்டி மூளையின் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. முன்பு தரப்படாத டாக்சோரூபிசின் சேர்க்கையையும் ரிட்டுக்ஸிமாபையும் இப்போது தரலாம். அந்தப் புற்று டாக்சோரூபிசினைச் சந்தித்ததே இல்லை, அந்த மருந்தில் இதயம் தாங்கக்கூடிய மொத்த அளவும் இன்னும் செலவழியவில்லை. மூளையைக் காக்க மெத்தோட்ரெக்ஸேட்டையும் இடையிடையே சேர்ப்பார்கள். உடல் தாங்குமானால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைச் சேமித்துவைத்து உயர் அளவு மருந்து தரும் சிகிச்சையும் உண்டு. விரையில் வந்திருந்தால் மறு விரைக்கும் கதிர்வீச்சு தருகிறார்கள். ரிட்டுக்ஸிமாபின் இந்தியத் தயாரிப்பு 2007-இலேயே சந்தைக்கு வந்துவிட்டது. அதைத் தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம், மறைந்திருக்கும் வைரஸை அது கிளப்பிவிடும். மூளையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் பாதை கடினமாகிறது. அங்கே இப்ரூட்டினிப், லெனலிடோமைடு போன்ற மாத்திரைகள் பயன்படுகின்றன. ஜப்பான் 2020-இல் திராப்ரூட்டினிப் என்னும் மாத்திரையைத் திரும்பி வந்த மூளை லிம்போமாவுக்கு அனுமதித்தது.

மலையில் இருப்பதால் நோய் திரும்புமா, காட் ரோட்டில் ஏறி இறங்கும்போது தலையில் அழுத்தம் கூடுமா என்று கேட்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்துக்கும் லிம்போமா திரும்புவதற்கும் தொடர்பில்லை. தோட்டத்தில் அடித்த பூச்சிமருந்து பற்றிய கேள்விக்கு இவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியாது. லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லி லிம்போமாவை உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் வகைப்படுத்தியது. அது லிம்போமாக்களைப் பற்றிய பொது முடிவு. மூளை லிம்போமாவுக்கென்று அப்படி நிறுவப்படவில்லை. மருந்தடிக்கும் தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் தர வேண்டும் என்பதற்கு அந்தப் பொது முடிவே போதும்.

மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் மாதங்களில் உயரத்தைவிடச் சாலைதான் கவலை. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளணு எண்ணிக்கை விழுந்திருக்கும். அப்போது காய்ச்சல் வந்தால் சில மணி நேரத்துக்குள் கிருமிக்கு எதிரான ஊசி மருந்து தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பர்லியார் வழியும் கோத்தகிரி வழியும் அடைபடுவது எங்களுக்குப் புதிதல்ல. 2009 நவம்பரில் நீலகிரி எவ்வளவு பேரை இழந்தது என்பது நினைவிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிகிச்சை அமைந்தால், அந்த இரண்டு வாரத்தை மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ உறவினர் வீட்டில் கழிப்பது நல்லது.

சிகிச்சை முடிந்தவரின் வீட்டில் ஒரு தாள் இருக்க வேண்டும். தடித்த கோப்பு வேண்டாம். நோயின் முழுப் பெயர், திசுப் பரிசோதனை எண், தந்த மருந்துகளும் அவற்றின் மொத்த அளவும், கதிர்வீச்சு தரப்பட்டதா, கடைசி ஸ்கேன் தேதி, சிகிச்சை தந்த துறையின் தொலைபேசி எண். அதன் கீழே, லிம்போமா என்பதால் உடலில் எங்கு கட்டி வந்தாலும் ஸ்டீராய்டுக்கு முன் திசு எடுக்கவும் என்று ஒரு வரி. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வரும் பெண்ணிடமும், கிராம சுகாதார செவிலியரிடமும் அதன் நகல் ஒன்று இருக்கலாம். பழைய மருத்துவமனையில் கேட்டால் இந்தத் தாளை எழுதிக் கொடுப்பார்கள். கேட்க வேண்டிய நாள், கடைசி மருந்து ஏற்றி வீடு திரும்பும் நாள்.